சும்மாதான் சொன்னேன்

"சொல்றதுக்குக் காசா பணமா?" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். கருத்துக்கு வரியும் இல்லை, லைசென்ஸும் இல்லை. எந்தக் கைப்பேசி வாங்கலாம், மின்சாரக் காரை நம்பலாமா, நம் பூப்பந்து ஜோடி ஏன் முக்கியமான ஆட்டத்தில் தடுமாறுகிறது, தங்கத்தில் பணம் போடலாமா, அந்த டிக்டாக் பெண் பேசியது சரியா. ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் இத்தனைக்கும் நம்மால் தீர்ப்புச் சொல்லிவிட முடியும். யாராவது "உனக்கு எப்படித் தெரியும்?" என்று மடக்கினால், கைவசம் ஒரு பதில் எப்போதும் தயார்: "சும்மாதான் சொன்னேன்லா."

இந்தச் 'சும்மா' என்ற சொல்தான் என்னைக் கொஞ்ச நாளாகத் தொந்தரவு செய்கிறது. பொய் தவறு என்பது எல்லாருக்கும் தெரியும். புறம் பேசுவது தவறு என்பதும் தெரியும். ஆனால் தனக்கு அரைகுறையாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்கிறவன் பொய் சொல்லவில்லை. யாரையும் கெடுக்க நினைக்கவும் இல்லை. அவன் செய்வதில் தப்பு இருக்கிறதா? இருந்தால் அது எந்த இடத்தில் தொடங்குகிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வெட்டிப் பேச்சின் எதிரி இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் லீ சோங் வேய், லின் டானிடம் மூன்றாவது செட்டில் 19-21 என்று தோற்றபோது நான் ஆரம்பப் பள்ளி மாணவன். அந்த இரண்டு புள்ளிகளைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை பேசி முடித்தபாடில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற என் பெரியப்பாவுக்கு, அந்தக் கடைசிப் பந்தை எந்த மூலையில் அடித்திருக்க வேண்டும் என்பது மிகத் துல்லியமாகத் தெரியும். மூன்று ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய மனிதருக்கு இவர் பயிற்சி கொடுக்கிறார்! இதனால் லீ சோங் வேய்க்கு ஒரு நஷ்டமும் இல்லை. பெரியப்பாவுக்கு மட்டும் நல்ல பசி எடுக்கிறது.

திருக்குறளில் 'பயனில சொல்லாமை' 20-ஆவது அதிகாரம். அதற்கு அடுத்தது 'தீவினையச்சம்'. இந்த வரிசையைக் காட்டி எங்கள் தமிழாசிரியர் வகுப்பில் அரட்டை அடிக்கிறவர்களைப் பயமுறுத்துவார். வரிசையில் பொருள் இருக்கிறதோ இல்லையோ, பெரியப்பாவின் பேச்சைப் பயனில்லாத சொல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேசுவதற்கு ஒரு சாக்கு இல்லாத வீடு, வீடு மாதிரியே இருக்காது.

ஆனால் அதே கருத்து இடம் மாறும்போது வேறு ஒன்றாகிவிடுகிறது. 2021 அக்டோபரில் பின்லாந்தில் நடந்த சுதிர்மான் கிண்ண அரையிறுதியில், சிரம்பானைச் சேர்ந்த நம் கிசோனா செல்வதுரை ஜப்பானின் அகானே யமாகுச்சியிடம் தோற்றார். 2019 சீ விளையாட்டுப் போட்டியில் நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்தத் தோல்வியைப் பற்றி முகநூலில் எழுத வந்த ஓர் அரசியல்வாதி, ஆட்டத்தை விட்டுவிட்டு அவருடைய இனத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் இழிசொல்லைப் போட்டார். எல்லா இனத்தவரும் கண்டித்த பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு மனதிலிருந்து வந்ததா என்று நான் ஆராயப் போவதில்லை. எழுதும்போது அவருக்கும் அது ஒரு 'விளையாட்டுக் கருத்தாக'த்தான் தோன்றியிருக்கும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. பெரியப்பா பேசியது லீ சோங் வேயின் காதுக்குப் போகாது. முகநூலில் எழுதியது உரியவரின் கைப்பேசிக்கே போய்ச் சேரும்.

அதைவிட வலிப்பது 2024 ஜூலை. நம் சமூகத்தைச் சேர்ந்த ஒரு டிக்டாக் பெண், இணையத் தொல்லை தாங்காமல் போலீஸில் புகார் கொடுத்த மறுநாள் உயிரோடு இல்லை. பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த வழக்கில் ஒருவருக்கு 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டப்படி 100 ரிங்கிட் அபராதம் போட்டார்கள். அந்தச் சட்டப் பிரிவில் அதிகபட்சமே அவ்வளவுதான். 100 ரிங்கிட் என்பது ஒரு குடும்பம் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டால் வருகிற பில். சொல்றதுக்குக் காசா பணமா என்று கேட்டோமே, சட்டம் அன்றைக்கு ஒரு விலையைச் சொன்னது. நாடே கொதித்தது. 2024 டிசம்பரில் பகடிவதைக்கு எதிராகத் தண்டனைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2025 ஜூலையில் அது அமலுக்கு வந்தது.

சட்டம் வந்தது நல்லதுதான். ஆனாலும் என் யோசனை குற்றவாளிகளைப் பற்றியது இல்லை. அவர்களைப் பற்றி யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, செய்தது தப்பு. இப்படிப்பட்ட நேரலைகளில் வந்து போகிற மற்றவர்களைச் சொல்கிறேன். ஒருவர் சிரிப்பு எமோஜி போடுவார். ஒருவர் "இவ்வளவு பயமா இருந்தா ஏன் வீடியோ போடுறே?" என்று கேட்பார். அது ஒரு கருத்துத்தான், கேட்டால் சும்மா கேட்டதாகச் சொல்வார். நான் கட்டுமானப் பொறியியல் படிக்கிறேன். கட்டடத்தில் 'லைவ் லோட்' என்று ஒரு கணக்கு உண்டு. தளத்தின் மேல் நடமாடுகிற மனிதர்கள், நாற்காலி மேசைகள், இவற்றின் பாரம். ஓர் ஆளின் எடை ஒரு தளத்துக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் தாங்குமா தாங்காதா என்று பார்க்கும்போது எல்லாரையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். "நான் ஒருத்தன்தானே" என்று யாரையும் கணக்கிலிருந்து கழிக்க முடியாது.

படிப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னும் ஒன்று. எங்கள் ஆய்வகத்தில் 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கட்டிகளை வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, 28-ஆம் நாள் ஓர் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று இயந்திரம் ஓர் எண்ணைக் காட்டும். உடனே அதை எழுதிக்கொள்ளத் தோன்றும். ஆனால் முதல் கேள்வி, இந்த இயந்திரத்தை யார், எப்போது சரிபார்த்தார்கள் என்பது. சரிபார்ப்புச் சான்றிதழ் காலாவதியாகி இருந்தால், காட்டிய எண் தற்செயலாகச் சரியாகவே இருந்தாலும் அதை வைத்துக் கட்டடம் எழுப்ப விடமாட்டார்கள். முதல் தடவை கேட்டபோது இது வீண் கெடுபிடி என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தற்செயலாகச் சரியாகிப்போன எண்ணை நம்பி ஒரு மாடியில் மனிதர்களைக் குடிவைக்க முடியாது.

1993 டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் புளோக் சரிந்து 48 பேர் இறந்தார்கள். நாங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது. ஆனால் எங்கள் துறையில் இந்தப் பெயரைக் கேட்காமல் யாரும் பட்டம் வாங்க முடியாது. பின்னால் நடந்த வழக்கில் நீதிமன்றம் பொறுப்பாளிகள் என்று சொன்னவர்களில் பொறியாளரும் ஒருவர். ஒரு பொறியாளர் "இது பத்திரமானது" என்று சொன்னால் அதன்கீழ் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தக் கையெழுத்தைத் தேடிக்கொண்டு வருவார்கள். அதே பொறியாளர் மாமாக் கடையில் உட்கார்ந்து "அந்த காண்டோ நல்லா இருக்கு, வாங்கு" என்று சொன்னால் யாரும் தேடி வரமாட்டார்கள். கேட்ட நண்பருக்கு அதுவும் பொறியாளர் சொன்ன சொல்தான். 35 வருஷக் கடன் எடுப்பவர் அவர்.

'அளவை' என்ற சொல்லை நான் முதலில் கேட்டது ஆய்வகத்தில் இல்லை, சைவ சித்தாந்த வகுப்பில். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தை அளவையில் இருந்துதான் தொடங்குகிறார். கடவுள், உயிர், பாசம் என்று பெரிய விஷயங்களுக்குப் போவதற்கு முன், ஒன்றைத் தெரிந்துகொண்டோம் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்று கேட்கிறார். அளவைகள் பலவாக எண்ணப்பட்டாலும் மூன்றுக்குள் அடங்கும் என்பது நம் மரபு: காண்டல், கருதல், உரை. நேரில் காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. நாம் ஒரு நாளில் நம்புகிற விஷயங்களில் எத்தனையை நேரில் கண்டோம்? பெரும்பாலானவை உரை. புலனத்தில் வந்தது, அண்ணன் சொன்னது, வீடியோவில் பார்த்தது. அதனால் யாருடைய உரையை ஏற்கலாம் என்பது நம் காலத்துக்கு ரொம்பவே அவசரமான கேள்வி. நியாய சாத்திரக்காரர்கள் இதை வெகுகாலம் முன்பே கேட்டார்கள். நம்பத்தக்கவனை 'ஆப்தன்' என்றார்கள். வாத்ஸ்யாயனர் தன் உரையில் அவனுக்குச் சொல்லும் இலக்கணத்தில் இரண்டு பாதி உண்டு. பொருளை அவன் நேராக அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் வேண்டும். இது முனிவருக்கும் பொருந்தும், பெரியோருக்கும் பொருந்தும், அந்நியருக்கும் பொருந்தும் என்றும் அவர் சொல்கிறார். அதாவது வயதோ குலமோ, இன்றைய கணக்கில் ஃபாலோயர் எண்ணிக்கையோ, ஒருவரை ஆப்தன் ஆக்காது.

இதைக் கேட்டபோது எனக்குச் 'சும்மா'வின் கோளாறு எங்கே என்று கொஞ்சம் பிடிபட்டது. நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டாவது பாதி இருக்கிறது. மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறோம், நல்லது நினைத்துத்தான் சொல்கிறோம். முதல் பாதிதான் இல்லை. இருக்கிற பாதியை வைத்து இல்லாத பாதியை மூடிவிடுகிறோம்.

தொழில்நுட்ப விஷயத்தில் இது பெரும்பாலும் சிரிப்போடு போய்விடும். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டால் போன் வெடிக்கும் என்று அம்மா சொல்வார். இன்றைய போனில் பேட்டரி நிறைந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் சர்க்யூட் இருக்கிறது. ஆனால் லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது, எப்போதும் நிறைந்தே இருப்பதும் ஆயுளைக் குறைக்கும் என்பதால் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதே என்ற அளவில் அம்மா சொல்வது சரி. காரணம் தப்பு, அறிவுரை பாதி சரி. இதனால் யார் குடியும் முழுகாது.

பணத்தில்தான் முழுகும். 2017-இல் பினாங்கில் ஜேஜேபிடிஆர் என்று ஒன்று இருந்தது நினைவிருக்கலாம். சாதாரண மக்களைக் காப்பாற்றுவது என்று அந்தச் சீனப் பெயருக்குப் பொருள். அந்நியச் செலாவணி வாணிகத்தில் மாதம் 20 விழுக்காடு என்றார்கள். அந்த ஏப்ரலில் கணக்கை யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று சொல்லிப் பணம் நின்றது. இப்படிப்பட்ட திட்டங்கள் விளம்பரப் பலகையால் பரவுவது குறைவு. "எனக்கு வந்துச்சு, நீயும் போடு" என்ற பேச்சால்தான் பரவுகின்றன. அப்படிச் சொல்கிற பலர் மோசக்காரர்களே இல்லை.

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மாமா கிள்ளானில் இருக்கிறார். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். 55 வயதானதால் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது அவருடைய நீண்டநாள் நண்பர் ஒருவரும் வந்திருந்தார். தங்க வாணிகம் செய்கிற ஒரு கம்பெனியில் மாதம் 8 விழுக்காடு தருகிறார்களாம். மூன்று மாதமாகத் தனக்கு ஒழுங்காக வந்திருக்கிறது என்று பேங்க் கணக்கையே திறந்து காட்டினார். மேசையைச் சுற்றி எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. பெரியப்பா "ரிஸ்க் எடுக்காம யாரும் பணக்காரன் ஆனதில்ல" என்றார். அத்தை "நகையா வாங்கி வைங்க" என்றார். கடைசியில் மாமா என்னைப் பார்த்தார். "தம்பி, நீதான் இன்ஜினியரிங் படிக்கிறே. நீ சொல்லு."

கான்கிரீட் படிப்பதற்கும் தங்க முதலீட்டுக்கும் என்ன சம்பந்தம்? "எனக்குத் தெரியாது மாமா" என்று ஒதுங்கியிருக்கலாம். பார்க்க அது அடக்கம் மாதிரி இருக்கும். இதுவரை நான் எழுதியதன்படி அதுதான் சரியான நடத்தை என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அந்த மேசையில் தயக்கம் இருந்தவன் நான் ஒருவன்தான். நான் எழுந்துபோனால் மிச்சம் இருப்பது தயங்காத குரல்கள் மட்டுமே. தெரியாததைத் தெரியும் என்று சொல்வது எப்படியோ, தெரிந்த கொஞ்சத்தையும் விழுங்கிவிட்டு நல்லபிள்ளையாக இருப்பதும் அப்படித்தான் என்று எனக்குப் பட்டது.

"மாமா, முதலீடு எனக்குத் தெரியாது. பெருக்கல் தெரியும், அதை மட்டும் செஞ்சு காட்டுறேன்" என்றேன். மாதம் 8 விழுக்காட்டை அப்படியே திரும்பப் போட்டால் 1 லட்சம் ரிங்கிட் ஒரு வருஷத்தில் இரண்டரை லட்சம். ஐந்து வருஷத்தில் 1 கோடியைத் தாண்டும், அதாவது 10 மில்லியன். சேமநிதி 2024-க்குக் கொடுத்த ஈவு வருஷத்துக்கு 6.3 விழுக்காடு. மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. "இவ்வளவு சம்பாதிக்கத் தெரிஞ்சவங்க பேங்கில குறைஞ்ச வட்டிக்குக் கடன் வாங்கிச் செய்யலாமே, உங்க பணம் எதுக்கு?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

பிறகு மாமாவின் போனிலேயே செக்யூரிட்டிஸ் கமிஷனின் எச்சரிக்கைப் பட்டியலைத் திறந்தோம். அந்தக் கம்பெனி அதில் இல்லை. நண்பர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா தம்பி, லிஸ்ட்ல இல்ல!" இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள் என்று நினைக்கிறேன். எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் இதுவரை சேர்க்கவில்லை என்று பொருள், அவ்வளவுதான். அது நற்சான்றிதழ் ஆகாது. முதலீட்டு ஆலோசனையைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு 2007-ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் தனியாக இருக்கிறது. அதையும் திறந்தோம். அதிலும் அந்தக் கம்பெனி இல்லை.

அந்த நண்பரை நான் குறை சொல்லவே மாட்டேன். அம்மாவின் இறுதிச் சடங்குக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் என்று மாமா அவரைப் பற்றிச் சொல்வார். மாமாவுக்கு நாலு காசு சேரட்டும் என்றுதான் சொல்கிறார். ஆனால் அவருக்கு வந்த மூன்று மாதப் பணம் தங்கத்தில் வந்த லாபமா, அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களின் முதலா என்பது அவருக்கே தெரியாது. அவர் கண்டது கணக்கில் விழுந்த எண்ணை. அது எங்கிருந்து வந்தது என்பதை அவர் காணவில்லை. காண்டல் அங்கேயே முடிந்துவிட்டது. மிச்சம் எல்லாம் ஆசையில் செய்த கருதல்.

எனக்கும் அந்தக் கம்பெனி மோசடி என்று தெரியாது. அப்படி நான் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அதுவும் இன்னொரு 'சும்மா'தான். தெரிந்தது பெருக்கலும் இரண்டு பட்டியலும். எங்கள் பாடத்தில் எந்த அளவைச் சொன்னாலும் கூட்டல் கழித்தல் இவ்வளவு என்று பிழையின் எல்லையையும் சேர்த்து எழுதச் சொல்வார்கள். வீட்டுப் பேச்சில் அப்படிப் பேசினால் "இவன் எதையும் நேரா சொல்ல மாட்டான்" என்று பெயர் வாங்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் எனக்கு அந்தப் பெயர் ஏற்கனவே வந்துவிட்டது.

மாமா அன்றைக்கு ஒரு முடிவும் சொல்லவில்லை. "யோசிக்கிறேன்" என்றார், முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். இன்றுவரை பணத்தை எடுக்கவில்லை. நண்பர் தனக்கு வந்த தொகையை மாதாமாதம் படம்பிடித்து மாமாவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். மாமா அதை அப்படியே எனக்கு அனுப்புவார், கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு. போன வாரமும் ஒன்று வந்தது. "கம்பெனி இந்தக் காசை எங்கிருந்து எடுத்துக் கொடுக்குதுன்னு அங்கிள் கேட்டுப் பார்த்தாரா மாமா?" என்று எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.